தாளில் இருபத்திரண்டு மில்லிமீட்டர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி இரும்புக் கம்பி செய்தது. கம்பிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. எனக்குக் காகிதம். உலையில் எத்தனை டிகிரி, கம்பியை எப்படி வெட்டுவது, யார் சோதிப்பது, சோதித்ததை எங்கே எழுதுவது என்று தொழிற்சாலையின் ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைத்த ஆவணம் உண்டு. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றின் பொறுப்பாளன் நான். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரே பட்டை ஓடும். இடப்பக்கம் கம்பெனி முத்திரை, நடுவில் பெயர், வலப்பக்கம் ஆவண எண். பட்டையின் உயரம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். அந்த அளவை வைத்தவனும் நான்தான். என் மேஜையில் பதினைந்து சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். தணிக்கைக்கு வந்தவர்கள் பதினான்கு முறை வந்தார்கள், பதினான்கு முறையும் தலைப்பட்டையில் குறை சொல்ல முடியாமல் போனார்கள்.

2007 வாக்கில் எங்கள் முதலாளிக்கு இணையதளம் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து கம்பி வாங்க ஒருவர் வரப்போகிறார், வருவதற்கு முன்பே சைட்டு முகவரி கேட்டுவிட்டார் என்று சொன்னார். அதற்காக ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு பெண்ணை எடுத்தார். வயது இருபத்தாறு. ஆவணம் சம்பந்தப்பட்டது என்பதால் அவளை என் கீழே உட்கார வைத்தார். என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் நடுவே நான்கு தரைக்கல் தூரம்.

முதல் நாளே முதலாளி எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "தோ பாரும்மா, அந்தப் பார்ட்டி வந்து போற அன்னிக்கி சைட்டு ஒயுங்கா ஓடணும். ஓடுச்சின்னா உன்ன கம்பெனி ரோல்ல எடுத்துக்கறேன். ஆபீஸ்ல ஒரே ஒரு இடம்தான் இருக்குது. இன்னா பெரியவரே, கரெக்டா?"

கரெக்ட்தான். அந்த ஒரே இடத்துக்கு நானும் மனுக் கொடுத்திருந்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு நிறைய ஏழு மாதம் இருந்தது. ஓய்வுக்குப் பின் ஓராண்டு நீட்டிப்பு கேட்டிருந்தேன். முதலாளி அந்த மனுவை மேஜை இழுப்பறையில் போட்டு, பார்க்கலாம் என்றிருந்தார்.

அவளுக்கு அந்த இடம் எதற்கு என்பதும் எனக்குத் தெரியும். அவள் வீடு திருப்பாச்சூரில். நிரந்தர ஊழியர்களுக்குத் திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ் உண்டு, பெரியபாளையம் வழியாக ஒன்றேகால் மணி நேரம். ஒப்பந்த ஆட்களுக்கு அதில் ஏற அனுமதி கிடையாது. அவள் பஸ் பிடித்துத் திருவள்ளூர் வந்து, ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், அங்கே கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, இறங்கி ஷேர் ஆட்டோவில் வருவாள். காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டரை ஆகும். மூன்று வயதில் பெண் குழந்தை. புருஷன் பிரிந்து போய்விட்டான், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார். "நான் போறப்பவும் தூங்குது சார், வர்றப்பவும் தூங்குது. ஞாயித்துக்கெயமை என்னப் பாத்தா விருந்தாளி வந்தாப்புல ஒளிஞ்சிக்குது" என்று ஒருமுறை சிரித்தபடி சொன்னாள். பஸ்ஸில் நாற்பத்திரண்டு இருக்கை. ஏறுகிறவர்கள் இருபத்தேழு பேர். பதினைந்து இருக்கைகள் தினமும் காலியாகக் கும்மிடிப்பூண்டி போய், காலியாகத் திரும்பின. ஒருநாள் திருவள்ளூர் பஸ் நிறுத்தத்தில் அவள் கை காட்டினாள். டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டு, முன் இருக்கையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விதியைச் சொன்னேன். வண்டி போய்விட்டது.

வேலையைத் தொடங்கும்போது அவள் எனக்கு விளக்கினாள். சைட்டில் ஐம்பத்தெட்டுப் பக்கம் வரும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கம்பெனிப் பெயரோடு ஒரு பட்டை, அதைப் பேனர் என்பார்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மெனு, அதில் ஏழு வரி: முகப்பு, எங்களைப் பற்றி, தயாரிப்புகள், அளவுகள், தரச் சான்றுகள், வேலைவாய்ப்பு, தொடர்பு. எந்தப் பக்கத்துக்குப் போனாலும் பேனரும் மெனுவும் அதே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

"அதுக்கு ஈஸியான வழி ஒண்ணு இருக்குது சார். பேனர், மெனு ரெண்டையும் தனியா ஒரே ஃபைல்ல எழுதி வச்சிடலாம். அம்பத்தெட்டு பேஜும் அங்கேர்ந்து எடுத்துக்கும். நாளைக்கி ஒரு வார்த்த மாத்தணும்னாலும் ஒரு எடத்துல மாத்தினா போதும், எல்லாத்துலயும் மாறிடும்."

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில் யாரோ கை வைத்தால் ஐம்பத்தெட்டு ஆவணமும் என் கையெழுத்து இல்லாமல் மாறும் என்றால், என் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு பக்கமும் தனி ஆவணம். ஒவ்வொன்றிலும் பேனரைத் தனியாக எழுது, மெனுவைத் தனியாக எழுது, பிரிண்ட் எடுத்து என்னிடம் கொடு, நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"அம்பத்தெட்டு வாட்டி எழுதணுமா சார்?"

"ஆமாம்மா."

"ஒரு ஸ்பெல்லிங் மாத்தணும்னா?"

"அம்பத்தெட்டு வாட்டி மாத்து."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, தலையாட்டினாள். ஆறு மாதத்தில் அவள் அப்படி நிறுத்திக்கொண்டதை நான் பல முறை பார்த்தேன். அதை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் பக்கங்கள் வந்தன. கட்டாகக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஸ்கேலை எடுத்தேன். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா எதிர் மேஜை. ஆள் எடுத்ததற்கெல்லாம் கிண்டல் பேசுகிறவர். "பெரியவரு கம்ப்யூட்டருக்கே ஸ்கேல் வச்சிட்டாருடோய்! யம்மா, சட்டத் துணியும் குடு, அளந்து தச்சிக் குடுப்பாரு" என்று கத்தினார். அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாற்பத்தொன்பது பக்கங்களில் பேனர் இருபத்திரண்டு மில்லிமீட்டர் சரியாக இருந்தது. ஒன்பது பக்கங்களில் பத்தொன்பதுதான் இருந்தது.

அந்த ஒன்பதையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பினேன். அவள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்கிரீனைத் திருப்பி எனக்குக் காட்டினாள்.

"சார், இது தப்பு இல்ல சார். இந்த ஒம்போதுலயும் அளவுப் பட்டியல் இருக்குது, அகலமான டேபிளு. பிரிண்ட் குடுத்தா தாளுக்குள்ள அடங்கணும்னு அதுவே மொத்தப் பேஜையும் சுருக்கிக்குது. பேனரும் சேந்து சுருங்குது. ஸ்கிரீன்ல பாருங்க, எல்லாத்துலயும் ஒரே ஹைட்டு. நூத்திப்பத்து."

"நூத்திப்பத்து என்ன?"

"பிக்சல் சார். புள்ளி."

"எனக்குத் தாள்ல இருபத்திரண்டு வரணும்."

"சைட்ட யாரு சார் தாள்ல பாக்கப் போறாங்க?"

அது நியாயமான கேள்வி. அன்றைக்கே எனக்குப் புரிந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். முழுதாக இல்லாவிட்டாலும் பாதிக்கு மேல் புரிந்தது. ஆனால் குமாஸ்தா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷமாக என் ஸ்கேலை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஒன்பது தாள்களிலும் என் கையால் எழுதினேன்: பேனர் 22 மி.மீ. வர வேண்டும், மெனு எழுத்தும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும். கீழே கையெழுத்து, தேதி.

அவள் பெரிதாக்கினாள். தாளில் சரியாக வரவேண்டும் என்பதற்காக ஸ்கிரீனில் அந்த ஒன்பது பக்கங்களின் பேனரை நூற்றிப்பத்திலிருந்து நூற்றிருபத்தேழு ஆக்கினாள். மெனுவும் பெருத்துக் கீழே இறங்கியது. ஒரு மில்லிமீட்டர் கூடும், ஒரு மில்லிமீட்டர் குறையும், நான் திருப்புவேன். இப்படி அந்த ஒன்பது பக்கங்களும் மொத்தம் முப்பத்தாறு முறை போய் வந்தன. சுவரில் ஒரு தாளை ஒட்டி, திருப்பியனுப்பிய எண்ணிக்கையைத் தினமும் எழுதிவைத்தேன். டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். அவள் மட்டும் அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் எடுக்கப் போய் வருவாள்.

ஒருநாள் பிற்பகல் மூன்றரைக்கு ஆபீஸ் போனில் நாத்தனார் கூப்பிட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று. அவள் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். நாற்பத்தொன்றாம் பக்கம் அப்போது என் முன்னால் இருந்தது. இருபத்தொன்று காட்டியது. இதை முடித்துவிட்டுப் போ என்றேன்.

"சார், ஒரு எம்எம் சார்."

"ஒரு எம்எம்னா எம்எம் இல்லியா?"

உட்கார்ந்து முடித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தவறாக வந்தது. அவள் கிளம்பியபோது மணி நான்கு ஐம்பது. அவள் பிடிக்க வேண்டிய வண்டி போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் அவள் வந்ததும் குழந்தை எப்படி இருக்கிறது என்று குமாஸ்தா கேட்டார், டீ கொண்டு வருகிறவர் கேட்டார். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் ஐம்பத்தெட்டுத் தாளும் இருபத்திரண்டு மில்லிமீட்டரில் நின்றன. கையெழுத்துப் போட்டுக் கோப்பில் கட்டினேன். "ஸ்கிரீன்ல ஆடும் சார், ஒரு வாட்டி பாத்துடுங்க" என்றாள். நான் பார்க்கவில்லை.

வாங்குகிறவர் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார். கூடவே சென்னையிலிருந்து ஒரு ஏஜென்ட். மாநாட்டு அறையில் பெரிய திரையில் சைட்டு. முதலாளி மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தார். ஒத்திகையை அகலப் பட்டியல் இல்லாத பக்கங்களிலேயே பார்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. விருந்தினர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, கையை மட்டும் பழக்கத்தில் நகர்த்தி மெனுவை அழுத்தினார். முகப்பு வந்தது. தயாரிப்புகள் வந்தது. அளவுகள் வந்தது. அந்தப் பக்கத்தில் பேனர் சட்டென்று பெருத்தது, மெனு ஒரு வரி கீழே இறங்கிக்கொண்டது.

அடுத்து தரச் சான்றுகள். அது வழக்கமாக இருக்கும் இடத்தில் இப்போது அளவுகள் என்ற வரி வந்து நின்றிருந்தது. முதலாளி அழுத்தினார், அதே அளவுப் பட்டியல் திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினார். அதே பட்டியல். மூன்றாம் முறையும் அதே. வாங்குகிறவர் கேட்டது ஒன்றே ஒன்று: சான்றிதழைக் காட்டுங்கள். சான்றிதழ் இல்லாததால்தான் இவர் பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். பிறகு குனிந்து பார்த்துச் சரியான வரியை அழுத்தினார். பேனர் சுருங்கியது, மெனு மேலே ஏறியது.

ஏஜென்ட் சத்தமாகச் சிரித்தார். "இன்னா சார், உங்க சைட்டு சாமியாடுது?" அதை அவர் ஆங்கிலத்திலும் சொல்ல, விருந்தினரும் மரியாதைக்குச் சிரித்தார். முதலாளியின் காது மடல்கள் சிவந்தன. அவள் அறையின் கடைசி நாற்காலியில் இருந்தாள். நான் அவளுக்கு முன் வரிசையில். நான் திரும்பவில்லை, ஆனால் அவள் என் முதுகைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

விருந்தினர்கள் சாப்பிடப் போனார்கள். மூன்று மணிக்கு இரண்டு பேரும் வாங்க என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

நான் சாப்பிடப் போகவில்லை. அலமாரியைத் திறந்தேன். திருப்பியனுப்பிய தாள்கள் முப்பத்தாறும் அங்கே இருந்தன. முதல் ஒன்பதில் என் எழுத்து, என் கையெழுத்து. ஒரு வேலை முடிந்ததும் அதன் காலாவதியான தாள்களை அடுத்து வரும் சனிக்கிழமை அழிக்க வேண்டும் என்பது விதி, அந்த விதியை எழுதியவனும் நான். அன்று புதன். அளந்த நாட்களில் அந்த ஒரே இடத்தை நினைத்து நான் அளக்கவில்லை, இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. அலமாரியைத் திறந்தபோது நினைத்தேன். முப்பத்தாறு தாளையும் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டேன். ஒரு முறைக்கு நான்கு தாள், ஒன்பது முறை. பிறகு அழித்தல் பதிவேட்டில் போன சனிக்கிழமைத் தேதியை எழுதினேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய்த் தேதி. எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

மூன்று மணிக்கு முதலாளி கேட்டார்: "ஏம்மா, அந்த ஆளு முன்னாடி என் மானம் போச்சி. பேனர் ஏன் பெருசாவுது, சின்னதாவுது?"

"சார்தான் பெருசாக்கச் சொன்னாரு சார். நான் வேணாம்னு சொன்னேன். அவுரு கையெழுத்து போட்டுக் குடுத்த பேப்பரு இருக்குது, அலமாரில."

"பெரியவரே?"

"காலாவதியான தாள்களைப் போன சனிக்கிழமையே அழிச்சாச்சுங்க. பதிவேடு இருக்கு."

பதிவேட்டை நீட்டினேன். ஒப்புதல் கொடுத்த ஐம்பத்தெட்டுத் தாள்களின் கோப்பையும் நீட்டினேன். என் ஸ்கேலையும். முதலாளி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழு தாளை அளந்தார். ஏழிலும் இருபத்திரண்டு.

"பேப்பர்ல எல்லாம் கரெக்டா இருக்குதேம்மா. பெரியவரு ஒயுங்காதான் பாத்து உட்டுருக்காரு. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல நீ இன்னா பண்ண?"

"சார், பேப்பர்ல கரெக்டா இருக்குறதாலதான் சார் ஸ்கிரீன்ல தப்பா இருக்குது!"

சாட்சிக்குக் கூப்பிட்டிருந்த குமாஸ்தா இதைக் கேட்டுக் கொல்லென்று சிரித்தார். முதலாளியும் சிரித்துவிட்டார். அறையில் அந்த வாக்கியத்தின் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவள் குமாஸ்தாவைப் பார்த்து, "நீங்களும் இருந்தீங்கதானே சார், ஸ்கேல் வச்சி அளந்தப்போ? சட்டத் துணின்னு கிண்டல் பண்ணீங்களே?" என்று கேட்டாள்.

"அளந்தாரு. அளக்கறது அவுரு வேல. நீ இன்னா பேசின, அவுரு இன்னா எயுதினாருன்னு எனக்கு இன்னா தெரியும்? என்ன ஏம்மா பேஜார் பண்ற?" என்றார் குமாஸ்தா. அவருக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது.

ஒப்பந்தம் முடிய பதினோரு நாள் பாக்கி. வெள்ளிக்கிழமையோடு போய்விடு, பாக்கி நாள் சம்பளமும் சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்கிறேன் என்றார் முதலாளி. அதில் தான் தாராளமாக நடந்துகொண்டதாக அவருக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் வந்தாள். மத்தியானம் வரை தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க ஒரு படிவம் உண்டு. பதினொரு கட்டம். பத்துக் கட்டத்தை முடித்துவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு என்னிடம் வந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

"சைட்ட சரி பண்ணிட்டேன் சார். பேனரு, மெனு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுட்டேன். ரெண்டு மணி நேரம்தான் ஆச்சி. நான் வந்த அன்னிக்கே உட்டிருந்தீங்கன்னா..."

நிறுத்திக்கொண்டாள்.

"உன்ன யாரும் பண்ணச் சொல்லலியே" என்றேன்.

"ஆமா சார். ஆனா நான் பண்ண சைட்டு. அது ஆடிக்கினு கெடந்தா எனக்குத்தான் அசிங்கம்." படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். "புதன்கெயமை நீங்க சாப்புடப் போகல சார். மெஷின் சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்டுச்சி. ஒம்போது வாட்டி ஓடிச்சி. நானும் எண்ணக் கத்துக்கினேன், உங்க கிட்ட."

அவள் போன பிறகு ஐம்பத்தெட்டுப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது பேனர் சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. ஒரு குறையாவது கிடைக்காதா என்று மாலை பஸ் மணி அடிக்கும் வரை தேடினேன். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் முதலாளி சைட்டைப் பார்த்துவிட்டு, "யாரு பண்ணது? சூப்பரா நிக்குதே" என்றார். நான் கூட இருந்து செய்ய வைத்தேன் என்றேன். அவர் இழுப்பறையிலிருந்து என் மனுவை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஆபீஸிலிருந்த ஒரே இடம் ஓராண்டுக்கு எனக்கு ஆனது. சைட்டையும் நீங்களே பாத்துக்குங்க, தனியா ஒரு ஆள் வேணாம் என்றார்.

அவள் மேஜைக்கு மாறிக்கொண்டேன். சைட்டில் கை வைக்கத் தெரிய வேண்டுமே என்று அந்த ஒரே ஃபைலைத் திறந்தேன். மேலே மூன்று வரி இருந்தது. திரையில் தெரியாது, ஃபைலைத் திறக்கிறவர் மட்டும் படிக்கலாம் என்கிற மாதிரியான குறிப்பு. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். அடுத்து வருகிறவருக்கு என்று ஆரம்பித்தது. பேனர் உயரம் நூற்றிப்பத்து, அதை மாற்ற வேண்டாம். பெரியவர் ஸ்கேலோடு வந்தால் பிரிண்ட் அளவை நூறு சதவீதம் என்று வைத்து எடுத்துக் கொடுக்கவும். தாளின் ஓரம் வெட்டுப்படும், ஆனால் அவர் பேனரை மட்டும்தான் பார்ப்பார். அவரோடு வாதாட வேண்டாம், வண்டி போய்விடும்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு மூன்று வரிகளையும் அழித்து ஃபைலைச் சேமித்தேன். ஏதாவது கெட்டுவிட்டதோ என்று பயந்து ஐம்பத்தெட்டுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எதிலும் எதுவும் மாறவில்லை.